வந்துபோகிறவர்களின் சரித்திரம்

கடல் கடந்த தமிழனைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இரண்டே பெட்டிகள்தான் இருக்கின்றன. ஒன்றில் போனவன், மற்றதில் திரும்பி வந்தவன். சரித்திரக்காரர்கள் மட்டுமில்லை, கதைக்காரர்களும் இவ்விரண்டையே மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருக்கிறார்கள். போனவனுக்கு ஒரு காலத்தில் கூலி என்று பெயர்; இப்போது மரியாதையாகப் புலம்பெயர்ந்தவன் என்கிறோம். திரும்பியவன் சர்க்கார் பாஷையில் தாயகம் திரும்பியோர். ஆனால் பழைய திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பக்கத்தில், சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரத்தில், மூன்று நான்கு தலைமுறையாக எல்லோருக்கும் தெரிந்த மனிதன் இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காதவன். அவன் போய்வருகிறவன். கடை அக்கரையில், வீடு இக்கரையில். பெண் எடுப்பது இங்கே, கணக்கு முடிப்பது அங்கே. ஆடித் தபசுக்கு வருவான்; தபசு முடிந்து வயலையும் வழக்கையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவான். ஊர் அவனைக் ‘கொழும்புக்காரர்’ என்று சொன்னால் கொழும்பில் குடியேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, கொழும்புக்குப் போய்வருகிறார் என்றுதான். கடையநல்லூர் முஸ்லிம்கள் சபராளி என்பார்கள். செட்டிநாட்டில் கொண்டுவிற்கப் போனவர். பாஷையில் இவனுக்கு வார்த்தை இருந்தது. சட்டத்தில்தான் இல்லாமல் போயிற்று.

விசிட்டர் விஸா என்கிற காகிதத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் அண்ணா சாலையில் அமெரிக்கத் தூதரகத்து வாசல் வரிசையோடு தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அது பாமர ஞாபகம். நம்மைப் பொறுத்தவரை அந்தக் காகிதத்தின் சரித்திரம் 1949இல் கொழும்பில் தொடங்குகிறது. அது இந்தப் போய்வருகிற மனிதனைச் சட்டபூர்வமாக இல்லாமல் ஆக்கிய சரித்திரம் என்பது என் அபிப்ராயம்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்துவிட வேண்டும். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் ஆரம்பித்தபோது அவர் குறிவைத்தது தூத்துக்குடி-கொழும்புப் போக்குவரத்தை. அந்தத் தடத்தில் அவ்வளவு ஜனம் போய்வந்துகொண்டிருந்தது. அவருடைய கப்பல்களுக்கும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களுக்கும் நடந்த போட்டியை தேசபக்தியின் அத்தியாயமாகவே படித்துப் பழகிவிட்டோம். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் பிரயாணியிடம் கேட்டது டிக்கெட் காசை மட்டும்தான். எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய், திரும்புவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று துறைமுகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் அப்போது ஒரே ராஜாவின் கீழ் இருந்தாலும் இரண்டும் தனித்தனி ஆட்சிகள். லண்டனில் வேறுவேறு இலாகாக்களுக்குப் பதில் சொன்னவை. அப்படியும் கேட்கவில்லை.

கேள்வியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. உடம்பைப் பற்றிய கேள்வி இருந்தது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்களைத் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பல் வழி திறந்த பிறகு மண்டபத்திலும் முகாமில் நிறுத்திவைத்து, பிளேக்கும் காலராவும் அம்மையும் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றினார்கள். மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை சர்க்கார், மண் நம்முடையது. கவனிக்க வேண்டிய ஏற்பாடு இது. ஒரு நாடு தன் எல்லையைத் தன் கரையில் வைக்காமல், புறப்படுகிறவனின் கரையிலேயே கொண்டுவந்து நட்டுவிடுகிறது. விஸா என்பதன் உள்ளடக்கம் இதற்குமேல் ஒன்றுமில்லை. மண்டபத்தில் உடம்பைச் சோதித்தார்கள், பிற்காலத்துத் தூதரகங்களில் மனசைச் சோதிக்கிறார்கள். மண்டபத்தில் தொழிலாளிக்கும் வியாபாரிக்கும் ஒரே நடைமுறை இருந்ததாக யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் வாசவன்பட்டியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதிக்கும், புறக்கோட்டையில் கடை வைத்திருந்த பிள்ளைக்கும் ஒரே கடல்தான் என்றாலும் கதவுகள் வேறு.

முதல் உலக யுத்தம்தான் காகிதத்தைக் கட்டாயமாக்கியது. அதை விளக்க ஒரு உதாரணம் போதும். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் ‘நெவாஸா’ கப்பல் ஏறினார். அப்போது ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம். ஐந்து வருஷம் கழித்து நோயாளியாகத் திரும்பும் சமயத்தில் அவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதற்காக எடுத்த அந்த 1919ஆம் வருஷத்துப் படம்தான் இன்று நாம் எல்லோரும் அறிந்த ராமானுஜன் முகம். ஹார்டி கேட்டுக்கொண்டதன்பேரில் 1936இல் இந்தியா வந்த எஸ். சந்திரசேகர் ராமானுஜனின் மனைவி ஜானகியம்மாளிடமிருந்து அதைத் தேடி வாங்கிப் போனார். பின்னால் சிலை செய்த அமெரிக்கச் சிற்பிக்கும் ஆதாரம் அதுவே. ஒரு மேதையின் முகத்தைக் காப்பாற்றிக் கொடுக்க நம் ஊரில் ஓவியனும் இல்லை, சிற்பியும் இல்லை. குடிவரவு இலாகாதான் இருந்தது. கலாசாரக் காவலர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். 1920இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் நிரந்தரமாக வந்தது. 1922இல் குடியேற்றச் சட்டம். பின்னது தொழிலாளியைப் பற்றியது. அதன்கீழ் 1938இல் மலேயாவுக்கும் 1939 ஆகஸ்டில் இலங்கைக்கும் தொழிலாளர் போவதை இந்திய சர்க்காரே தடுத்தது. கடைக்காரர் மட்டும் தன்பாட்டுக்கு போட் மெயிலில் போய்வந்துகொண்டிருந்தார்.

இனி 1948. சுதந்திர இலங்கையின் முதல் பாராளுமன்றம் ஒன்றரை வருஷத்துக்குள் செய்த சட்டங்களில் மூன்றை ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்ததால்தான் நம்மவர்களுக்கு விஷயம் பிடிபடவில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜா உரிமைச் சட்டம், யார் இலங்கைப் பிரஜை என்பதைத் தகப்பன் பாட்டன் பிறந்த இடத்தைக்கொண்டு தீர்மானித்தது. அதனால் வெளியே தள்ளப்பட்ட இந்திய வம்சாவளியினர் மனுப்போட்டு உள்ளே வர ஒரு குறுகிய வாசலாக 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் வந்தது. இவ்விரண்டையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது, 1948இன் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். அது 1949 நவம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. வெளிநாட்டான் விஸா இல்லாமல் இலங்கையில் இறங்கக்கூடாது என்று சொன்ன சட்டம் அதுதான். அன்று காலையிலிருந்து திருநெல்வேலிக்காரன் இலங்கையில் வெளிநாட்டான்.

இப்போது இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரஜா உரிமை மனு என்ன கேட்கிறது? கல்யாணமானவனாக இருந்தால் ஏழு வருஷம், ஆகாதவனாக இருந்தால் பத்து வருஷம், 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ச்சியாக இங்கே இருந்தாய் என்று நிரூபி. அதற்குப் பிறகும் மனுப்போடும் நாள்வரை இருந்தாய் என்று நிரூபி. நடுவில் ஊருக்குப் போயிருந்தால் ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டவில்லை என்று நிரூபி. உன் பெண்டாட்டி பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள் என்று நிரூபி. விஸா மனு என்ன கேட்கிறது? இங்கே தங்கமாட்டாய் என்று நிரூபி. உன் வீடும் வாசலும் சொந்தமும் அங்கேதான் என்று நிரூபி. குறித்த தேதியில் போய்விடுவாய் என்று நிரூபி. முதல் காகிதத்தின் முன்னால் நம் ஆள் தோற்கிறான், ஏனென்றால் அவன் போய்விட்டு வந்தவன். இரண்டாவதன் முன்னாலும் தோற்கிறான், ஏனென்றால் அவன் வந்துகொண்டே இருக்கிறவன். ஒரு சட்டம் ‘நீ போகவே இல்லையா?’ என்று கேட்கிறது; மற்றது ‘நீ நிச்சயம் போய்விடுவாயா?’ என்று கேட்கிறது. ஒரே மனிதனின் ஒரே வாழ்க்கைமுறை ஒரே சமயத்தில் இரண்டுக்கும் குற்றமாகிவிட்டது. இவ்வளவு கச்சிதமான பொறியை யாரும் ஒரே அறையில் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்க வேண்டியதில்லை. நவீன ராஜ்யம் என்பதே நின்ற இடத்தில் நிற்கிற பிரஜையைக் கற்பனை செய்துகொண்டு எழும்பிய ஸ்தாபனம். அவன் அசைந்தால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும்.

குடும்பத்துக்குள் இது என்ன செய்தது என்பதுதான் எழுதப்படாத பகுதி. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது நம் பக்கத்தில் விதி. கைக்குழந்தையோடு போனால் தோட்டத்துக் குளிர் ஆகாது என்று இன்னும் ஆறு மாதம், மாமியாருக்குச் சுகமில்லை என்று அதன்மேல் நாலு மாதம். வழக்கம் என்று இருந்தவரை இதற்குத் தேதி கிடையாது. சட்டம் வந்ததும் இவை ‘இடைவெளி’ ஆயின. ஒரு பெண் தாய்வீட்டில் கூடுதலாக இருந்த மாதங்கள் புருஷனின் பிரஜா உரிமைக்கு எதிரான சாட்சியம். மனு மறுக்கப்பட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மிஞ்சியது தற்காலிக வசிப்பு அனுமதி. கொழும்புக் கடைகளில் டி.ஆர்.பி. என்று ஒரு காலத்தில் அரிசி பருப்பு போலப் புழங்கிய வார்த்தை. அதைக் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்காரருக்கு அது, அவர் மனைவிக்கு? பலருடைய மனைவிமார் ‘விசிட் விஸா’வில்தான் போய்வர முடிந்தது. புருஷன் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கும் பெண்ணுக்கு அந்த வீட்டில் பெயர் விருந்தாளி. நாள் கெடு முடிந்தால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேற வேண்டும். இதை வைத்து நம்மில் ஒருவர்கூட ஒரு நல்ல நாவல் எழுதவில்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1951 ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக மனுக்கள் போயின. பரிசீலனை முடிய பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். மிச்சப்பேரை இரண்டு பிரதம மந்திரிகள் 1964 அக்டோபர் 30ஆம் தேதி பங்குபோட்டுக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பேரேட்டில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று வைப்போம். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை அதில் போட்டுவைத்துப் பின்னால் நேர்செய்வது வழக்கம். ஒன்றரை லட்சம் மனிதர்கள் பத்து வருஷம் அந்தக் கணக்கில் கிடந்தார்கள்.

இடையில் 1954 ஜனவரியில் நேரு-கொத்தலாவல ஒப்பந்தம். பிரஜா உரிமைப் பேச்சாகவே அதை நினைவு வைத்திருக்கிறோம். அது கள்ளக் குடிவரவைத் தடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு தொடங்குகிற தஸ்தாவேஜு. அதில் ஒரு ஷரத்து. வாக்காளர் பட்டியலில் இல்லாத வயது வந்தவர்கள் எல்லோரையும் பதிவு செய்ய ஒரு ஜாபிதா தயாராகும். அது முடிந்த பிறகு, பதிவாகாத ஒருவனுடைய தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால் அவன் இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்தவன் என்று அனுமானிக்கப்படுவான், நாடுகடத்தப்படலாம், அதற்கு இந்திய ஹைகமிஷனர் வசதி செய்து தருவார். பாஷையைக் கையாளுகிறவர்கள் இந்த ஷரத்தை ஒருமுறையாவது நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். தாய்மொழி என்று மேடையில் நாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில், கடலுக்கு அந்தப் பக்கம் அது போலீஸ் தடயமாக இருந்தது. ஒருவன் வாயைத் திறந்தால் போதும். யாழ்ப்பாணத்தான் பேசுவதும் தமிழ், மட்டக்களப்பான் பேசுவதும் தமிழ். அது எப்போது ‘இந்திய மொழி’, எப்போது இலங்கை மொழி? தொல்காப்பியத்துக்குத் தெரியாத இந்த இலக்கணத்தைத் தலைமன்னார் பியரில் நின்ற அதிகாரி அறிந்திருக்க வேண்டும்.

கனடா இதைவிட நாகரிகமாகச் செய்தது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் தங்காத ஒரே பிரயாணமாக வந்தவன்தான் இறங்கலாம் என்று 1908இல் ஒரு விதி. அதில் இந்தியன் என்ற வார்த்தையே கிடையாது. இந்தியாவிலிருந்து அப்படி நேராகப் போகிற கப்பல் கிடையாது என்பது மட்டுமே உண்மை. 1914இல் கோமகாட்டா மாருவில் போன 376 பேர் வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நின்றதற்கு அந்த விதி முக்கியமான காரணம். 1954இல் இந்தியாவும் இலங்கையும் அவ்வளவு சிரமப்படவில்லை. தாய்மொழி என்று நேராகவே எழுதிவிட்டார்கள்.

‘கள்ளத்தோணி’ என்ற வார்த்தையின் கதை இங்கே வருகிறது. முதலில் அது தோணியின் பெயர். பிறகு அதில் வந்த மனிதனின் பெயர். பிறகு தோணியையே கண்ணால் பார்க்காத, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனின் பெயர். ஆகுபெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப் புத்தகத்தில் இல்லை. இலங்கை ராணுவம் 1952இல் ‘மான்டி’ என்று பெயரிட்டு வடக்குக் கரையில் கள்ளக் குடிவரவுக்கு எதிரான நடவடிக்கையைத் தொடங்கியது. 1963இல் அதற்கென்றே தனிப் படை. தோணியில் போய்ப் பிடிபட்டவர்களில் எத்தனை பேர் நாலு வருஷத்துக்கு முன்னால் அதே கடலை டிக்கெட்டோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு கடந்தவர்கள் என்று நான் யோசித்ததுண்டு. மனிதன் மாறவில்லை, கடல் மாறவில்லை. விசிட்டர் என்ற வகை உண்டானதும் அதன் நிழலாகக் கள்ளத்தோணி என்ற வகையும் கூடவே உண்டாகிவிட்டது.

நம் சர்க்கார் என்ன யோக்கியமாக நடந்துகொண்டது என்று கேட்டால், வெளிநாட்டான் விஸா மறுக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுக்கும் உரிமை தனக்கு இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் என்பது சர்க்காரின் தயவு. கொடுக்கலாம், மறுக்கலாம், திருப்பிக் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், வெளிநாடு போவது 21ஆம் ஷரத்தில் சொன்ன சொந்த சுதந்திரத்தில் சேர்ந்தது, சட்டம் இல்லாமல் மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அவசரமாக ஒரு அவசரச் சட்டம், ஜூனில் பாஸ்போர்ட் சட்டம். சுதந்திரம் வந்து இருபது வருஷம்வரை இந்தியன் ஊரைவிட்டுப் போவதற்குச் சட்டமே இல்லை, குமாஸ்தாவின் மனநிலைதான் இருந்தது. அதற்குப் பிறகும் ஏட்டுச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் படிப்பில்லாதவன் பாஸ்போர்ட்டுக்கும் படித்தவன் பாஸ்போர்ட்டுக்கும் வேறு முத்திரை வந்தது. நோக்கம் பாதுகாப்பு என்றார்கள், இருக்கலாம்.

கடையநல்லூரின் கதை கொஞ்சம் வேறு. நெசவு நொடித்தபோது அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன முஸ்லிம்கள் மற்றவர்களைப்போல ஆண்கள் மட்டும் போகவில்லை. பெண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனார்கள். ஆண்கள் கூலி வேலைக்கும், பெண்கள் வீட்டில் மசாலா அரைத்து விற்கவும். 1941இல் சிங்கப்பூரில் ஊர்ப்பெயரிலேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கி, யுத்தம் முடிந்ததும் 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்கள். அதனால் 1953இல் மலேயாவும் சிங்கப்பூரும் குடிவரவைக் கட்டுப்படுத்தி, பிரயோஜனமான தொழில் தெரிந்தவனும், ஏற்கெனவே அங்கிருப்பவனின் மனைவி மக்களும்தான் வரலாம் என்று சொன்னபோது, கடையநல்லூர்க்காரர்கள் பலர் கதவுக்கு உள்பக்கம் இருந்தார்கள். தனியாகப் போய், குடும்பத்தை ஊரில் வைத்திருந்தவர்கள் வெளிப்பக்கம். 1926இலிருந்து 1970களின் தொடக்கம்வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிய ஜனங்களின் குணமே இதனால் மாறியது. முன்னால் பிழைக்கப் போகிறவர்கள். பின்னால் பார்க்கப் போகிறவர்கள். ஒரே டெக்கில் ஒரே பாயை விரித்துத்தான் போனார்கள்.

உலகத்தின் மற்ற பாகத்தில் நடந்ததும் இதே காலம்தான். அமெரிக்காவில் 1952ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிற ஒவ்வொரு அந்நியனும் குடியேறவே வருகிறான் என்று அனுமானித்துக்கொள்கிறது; அப்படியில்லை என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி நிரூபிப்பது அவன் பாடு. கொழும்புக்கும் வாஷிங்டனுக்கும் இதில் கலந்தாலோசனை எதுவும் இருந்திருக்காது. ஆனால் இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு தஸ்தாவேஜுகளிலும் ‘அனுமானம்’ என்ற ஒரே வார்த்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. சாதாரணக் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டுகிறவன். இங்கே, செய்யாத காரியத்தைச் செய்யமாட்டேன் என்று நிரூபிக்க வேண்டும். நடந்ததற்குச் சாட்சி வைக்கலாம். இனிமேல் நடக்கப்போகாததற்கு யார் சாட்சி? அசோகமித்திரன் 1973இல் அயோவா எழுத்தாளர் முகாமுக்குப் போய்வந்து எழுதிய புத்தகத்துக்கு ‘ஒற்றன்’ என்று பெயர் வைத்தார். அவர் மனதில் வேறு காரணம் இருந்திருக்கலாம். விருந்தாளியாகப் போகிற எவனுக்கும் பொருந்துகிற பெயர் அது.

பிரிட்டன் காமன்வெல்த் பிரஜைகளிடம் விஸா கேட்காமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அது முதலில் முடிந்தது யாருக்கு என்று பார்த்தால் மறுபடியும் நாம்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ் அகதிகள் லண்டன் வரத் தொடங்கியதும், 1985இல் இலங்கையர்களுக்கு விஸா கட்டாயமாயிற்று. அப்படிக் கட்டாயப்படுத்தப்பட்ட முதல் காமன்வெல்த் நாடு இலங்கை. அடுத்த வருஷம் இந்தியாவும் சேர்ந்தது. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் துணிகளைக் களைந்து நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த வருஷமே ஒரு சட்டம் வந்தது: சரியான விஸா இல்லாதவனை ஏற்றி வருகிற விமானக் கம்பெனிக்கு அபராதம். இன்று மதுரையிலும் திருச்சியிலும் விமானக் கம்பெனி கவுன்ட்டரில் இருக்கிற பையன் நம் விஸாவைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதற்கு இந்த வழியாகவும் ஒரு வம்சாவளி இருக்கிறது. எல்லை மறுபடியும் புறப்படுகிற கரைக்கே வந்துவிட்டது, மண்டபத்துக்கு வந்ததுபோல. மண்டபம் முகாமோ அதற்குள் வேறு வேலைக்கு மாறியிருந்தது. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய அதே இடத்தில் 1964 ஒப்பந்தத்தின்கீழ் திரும்பியவர்களை இறக்கினார்கள். 1983க்குப் பிறகு அகதிகளை.

கப்பலையும் சொல்லிவிட வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியதும் 1980களின் நடுவில் யுத்தத்தால் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ஒரு கப்பல் விட்டார்கள். விஸாவுக்கு இப்போது கொழும்பு கம்ப்யூட்டரிலேயே அனுமதி தருகிறது, 2012இலிருந்து அப்படி. சில நிமிஷ வேலை. வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது, போய்வருகிறவர்கள்தான் இல்லை. இன்று இந்தப் பக்கத்திலிருந்து கொழும்பு போகிறவன் டூரிஸ்ட். புறக்கோட்டையில் தாத்தா கடை இருந்த தெருவின் பெயரைக்கூட அவன் கைடு சொல்லித்தான் தெரிந்துகொள்கிறான்.

இப்போதைய சங்கரன்கோவிலில் விஸா மனு என்பது அநேகமாகப் பெற்றோர்களின் விஷயம். மகனோ மகளோ டல்லாஸிலோ டொராண்டோவிலோ இருப்பார்கள். பாங்க் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் இந்த மனுவின் தயாரிப்பு எனக்குக் கொஞ்சம் தெரியும். இருப்புச் சான்றிதழ் வேண்டும் என்று வருவார்கள். கணக்கில் அதுவரை நாலாயிரம், ஐயாயிரம் இருந்த இடத்தில் திடீரென்று லட்சங்கள் வந்து உட்காரும். மைத்துனர், சம்பந்தி, விசைத்தறிப் பட்டறை கூட்டாளி என்று நாலு பேர் கைமாற்றாகப் போட்டது. நேர்காணல் முடிந்த வாரமே வந்த வழியில் போய்விடும். தூதரகத்துக்கும் இது தெரிந்துபோய் ஆறு மாதக் கணக்குப் புத்தகம் காட்டச் சொல்கிறது. உடனே பணம் ஆறு மாதம் முன்னதாக வந்து உட்காரத் தொடங்கியது. இதோடு வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, தாசில்தாரிடம் சொத்து மதிப்பு. இவ்வளவும் ஊருக்குத் திரும்புவேன் என்பதற்கு. ஊரில் வேர் இருக்கிறது என்று காட்டக் கடன் வாங்குகிறார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வருவது என்பது வாஸ்தவமாகவே அவர்கள் உத்தேசம். காட்டுகிற ஆதாரம் மட்டும் கற்பனை. நம் எழுத்தாளர்களில் பலரிடம் இது தலைகீழாக இருக்கும்.

அம்மாக்கள் போவது பிரசவம் பார்க்க. முன்னால் மகள் தாய்வீடு வந்தாள்; இப்போது தாய்வீடு பெட்டியில் சுக்கும் மிளகும் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணும் கட்டிக்கொண்டு மகளிடம் போகிறது. ஆறு மாதத் தங்கலுக்குத்தான் வழக்கமாக அனுமதி. ஒரு தாய் வரும்போது மற்றவள் கிளம்ப வேண்டும் என்று சம்பந்திகள் இருவரும் முறைவைத்துக்கொண்டு போகிற குடும்பங்கள் இந்த ஊரிலேயே உண்டு. நேர்காணலுக்குப் போகும் முன்னால் அனுபவப்பட்டவர்கள் ஒரு புத்தி சொல்லி அனுப்புவார்கள்: “மதினி, பேரப்பிள்ளையைப் பாத்துக்கிடப் போறேன்னு சொல்லிராதீங்க. பாக்கப் போறேன்னு சொல்லுங்க.” பார்த்துக்கொள்ளப் போனால் அது வேலை; சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலையைப் பறிக்க வருகிறாள் என்றாகலாம். பார்க்கப் போனால் விசிட்டர். ‘கொள்’ என்ற துணைவினை ஒட்டுவதா வேண்டாமா என்பதில் விஸா நிற்கிறது.

ஐம்பத்தைந்து, அறுபது வயதான, பிறந்ததிலிருந்து யாரையாவது பார்த்துக்கொண்டே இருந்துவிட்ட ஒரு பெண், சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போது வழிநெடுக அந்த ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொல்லிப் பழகிக்கொண்டு போகிறாள்.